சின்ன டேக்சா

2024 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்புவதற்குள் பால் வாங்கி வந்து காய்ச்சினேன். அன்றைக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினேன். மனைவிக்கு வேலூரில் ஆஸ்பத்திரி வேலை, அந்த வாரம் இரவு டியூட்டி. அவள் ரயில் ஏறி ஆம்பூர் வந்து சேரும்போது நான் கிளம்பியிருப்பேன் என்பதால் இட்லியை அவித்து ஹாட்பேக்கில் மூடி வைத்தேன். 'பனி ஜாஸ்தி. பால்காரர் லேட்' என்று டைரியில் எழுதிவிட்டு, ஹெல்மெட்டைத் துடைத்து மாட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குப் புறப்பட்டேன்.

அடுத்த புதன்கிழமை மகளுக்குக் கல்யாணம். காலையில் சர்ச், மத்தியானம் மஹாலில் விருந்து. இவ்வளவு கிட்டத்தில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு நான் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போனதற்குக் காரணம், வீட்டில் எனக்கு வேலை இல்லை. எல்லாவற்றையும் ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தோம்.

அது என் யோசனை இல்லை. நான் ஏற்றுமதிக்கு ஷூ தைக்கிற தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு ஜோடியை இன்னொருவர் பார்த்து 'ஓகே' என்று சொன்னாலும் நானும் ஒருமுறை கையில் எடுத்து வளைத்துப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. கல்யாண வேலையையும் அப்படியே, பந்தலுக்கு ஒருவர், சமையலுக்கு ஒருவர், நாற்காலிக்கு ஒருவர் என்று நானே பேசி முடிக்கலாம் என்றுதான் இருந்தேன். மனைவி ஒரே பேச்சில் அதை முடித்துவிட்டாள்.

"என் தம்பி கல்யாண ஆல்பத்துல உங்க மூஞ்சி எங்கயாவது இருக்கா? சாம்பார் வாளி பின்னாடியே ஓடிட்டு இருந்தீங்க. இது உங்க பொண்ணு கல்யாணம். கோட்டு போட்டுட்டு முன்னாடி நில்லுங்க, போதும்."

பெங்களூரில் வேலை பார்க்கும் மகளும் போனில் அதையேதான் சொன்னாள். "நீ ஓடக் கூடாதுப்பா. அப்புறம், ஆப்பா முதல் பந்தியில உக்காந்து சாப்பிடணும். இந்த ரெண்டும்தான் எனக்கு வேணும். ஸ்டேஜ்ல பூ எந்த கலர்னாலும் ஓகே."

ஆப்பா என்பது பக்கத்து வீட்டு அம்மா. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். உருதுவில் அக்காவை அப்படிக் கூப்பிடுவார்கள். நானும் மனைவியும் கூப்பிடுவதைக் கேட்டு மகளும் அப்படியே பழகிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் வீடு திரும்பும்வரை அவள் இருந்தது அந்த வீட்டில்தான். எனக்கு வேலை, அவள் அம்மாவுக்கு ஷிப்ட். வீட்டுப்பாடம், சடை பின்னுவது, காய்ச்சல் வந்தால் கஷாயம் எல்லாம் ஆப்பாதான். பத்தாவது பரீட்சை அன்று காலையில் இவள் எங்கள் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. சுவரைச் சுற்றி ஓடிப்போய் ஆப்பா கையால் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

சரி, கம்பெனிதான் என்று ஆனதும் நான் கம்பெனிகளைப் பரிசோதிக்க ஆரம்பித்தேன். முதலில் பார்த்தது எங்கள் சர்ச் பாடகர் குழுவில் இருக்கும் ஒருவரை. பந்தல், சவுண்ட், சாப்பாடு எல்லாம் எடுத்துச் செய்கிறவர். ஜெனரேட்டர் உண்டா என்றேன். "பாத்துக்கலாம்ணே." மழை வந்தால்? "பாத்துக்கலாம்ணே." பரிமாற எத்தனை ஆள்? "அட, பாத்துக்கலாம்ணே, நம்ம வீட்டுக் கல்யாணம்." நல்ல மனிதர். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்து மகளின் சிநேகிதி சொன்ன பெங்களூர் கம்பெனி. வீடியோவில் வந்த பையன், பெண்ணும் மாப்பிள்ளையும் சந்தித்த கதையைச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் தீம் என்றான். சர்ச் மூலமாக வந்த வரன், போட்டோ பார்த்தோம், பிடித்தது என்றேன். அவன் அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவதாகத்தான் வேலூர் கம்பெனி. அங்கிருந்து வந்த பொறுப்பாளர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். மஹாலுக்கு அவரே வந்து மேடையை டேப் வைத்து அளந்தார். கைகழுவும் இடத்தில் தண்ணீர் தேங்குமா என்று குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தார். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. சாப்பாட்டுக்குச் சாம்பிள் வேண்டும் என்றேன். மறுவாரமே பிரியாணி கொண்டுவந்தார். நான் அரிசி உடைந்திருக்கிறதா, கறித்துண்டுகள் ஒரே அளவா என்று ஸ்பூனால் விலக்கி விலக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் சாப்பிட்டேன். அருமையாக இருந்தது. "விருந்தாளிங்கள்ல யாருக்காவது சாப்பாட்டுல தனியா கவனிக்கணுமா சார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு, "சுகர் பேஷண்டுங்க ஜாஸ்தி. சர்க்கரை இல்லாத ஒரு ஸ்வீட் வச்சிடுங்க" என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை கடைசிப் பேச்சுக்காக அவர் தொழிற்சாலைக்கே வந்தார். ஆம்பூரில் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காக மத்தியானம் நீண்ட இடைவேளை விடுவார்கள். எங்கள் லைனில் பாதிப் பேர் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். கேன்டீன் காலியாக இருந்தது. மேடை, பூ, மைக், பார்க்கிங் என்று எல்லாம் பேசி முடித்தோம்.

"மட்டன், சிக்கன் எல்லாம் எங்க சென்ட்ரல் கிச்சன்ல இருந்தே வந்துடும் சார். மெஷின் கட்டிங். பீஸ் எல்லாம் ஒரே சைஸா இருக்கும்."

"வெரி குட்" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் சொன்னேன். ஒரே சைஸ் என்றால் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

"அன்னிக்கு டேஸ்ட் பாத்தீங்களே, அது இங்க ஆம்பூர் மாஸ்டர்கிட்ட வாங்கினது. அதே ருசியில எங்க செஃப் பண்ணிடுவார். அன்னிக்கே சொன்னேன் சார், நீங்க அரிசியைப் பாத்துட்டு இருந்தீங்க."

அவர் கிளம்பிப் போனார். நான் மேஜைக்குத் திரும்பி ஒரு ஷூவை எடுத்து உள்ளே கைவிட்டுத் தையலைத் தடவிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசலுக்குப் போனவர்கள் தொப்பியை மடித்துப் பாக்கெட்டில் வைத்தபடி ஒவ்வொருவராக வந்தார்கள். அப்போதுதான் தோன்றியது. கை ஷூவுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கறியை அறுப்பது யார்?

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவை வந்ததில்லை. கல்யாணம் யார் வீட்டுடையதாக இருந்தாலும் கறிக்கடை பாய் கடைதான், பிரியாணி மாஸ்டரும் பாய்தான். ஆகவே எல்லாக் கறியும் ஹலால், எல்லாரும் எல்லார் வீட்டிலும் சாப்பிடலாம். வெளியூர்ச் சமையல் என்றால் மட்டும் கதை வேறு. முஸ்லிம் விருந்தாளிகள் அப்போதும் வருவார்கள், மொய் வைப்பார்கள், போட்டோவில் சிரித்தபடி நிற்பார்கள். சாப்பாடு என்றதும், "இப்பதான் சாப்ட்டு வந்தோம்" என்று ஒரு வாழைப்பழமும் ஐஸ்கிரீமும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இது என்ன கறி என்று ஒருநாளும் கேட்க மாட்டார்கள். கேட்டால் கூப்பிட்டவருக்குச் சங்கடம்.

ஆப்பா முதல் பந்தியில் உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தை உரிப்பதை நினைத்துப் பார்த்தேன். மகள் மேடையிலிருந்து பார்ப்பாள்.

ஷூ வேலையில் இதைவிட மோசமான தவறு கிடையாது. ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளை முத்திரை போட்டுப் பூட்டி வைக்கிறோமே, அது எதற்கு? சாம்பிள் ஒரு இடத்தில் செய்து, மொத்த ஆர்டரை வேறு இடத்தில் செய்துவிடக் கூடாது என்பதற்கு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை நான்தான் வகுப்பு எடுக்கிறேன்.

மனைவிக்குப் போன் செய்தேன். தூக்கத்திலிருந்து எழுந்து பேசினாள்.

"பக்கத்து வீட்டுல ஆப்பா வீட்டுக்காரர் பாயையே கேளுங்க. நல்ல மாஸ்டரா சொல்வாரு."

"அவரை எப்படிக் கேக்கறது? 'எங்களுக்காக ஏன் சார் பேஜார் பண்ணிக்கறீங்க, நாங்க பழம் சாப்ட்டுக்கறோம்'னு சொல்லிடுவாரு. அப்புறம் மாத்தவே விடமாட்டாரு."

கட்டில் கிறீச்சிடுவது கேட்டது. பிறகு, "ஐயோ" என்றாள். "போன மாசம் ஆப்பா கேட்டாங்க, சமையல் யாரு சிஸ்டர்னு. நான் பெருமையா, எல்லாம் வேலூர் கம்பெனி ஆப்பா, நாங்க எதையும் தொட வேண்டியதில்லன்னு சொன்னேன்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"நல்லது சிஸ்டர்னாங்க."

அதற்குப் பிறகு மேஜையில் உட்கார முடியவில்லை. ஒரே ஜோடியை இரண்டு முறை பார்த்து, இரண்டாவது முறை ஒதுக்கி, மறுபடி எடுத்து வைத்தேன். லைனில் இருந்த பெண், "இன்னா சார், அது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள். பர்மிஷன் போட்டுவிட்டு நான்கு மணிக்கு வெளியே வந்தேன்.

சாம்பிள் பிரியாணி செய்த மாஸ்டர் யார் என்று வேலூர்ப் பெண்ணிடமே கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாஸ்டரின் இடம். பெரிய டேக்சாக்களைக் கவிழ்த்துப் போட்டுச் சாம்பல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். டேக்சா என்பது பிரியாணிக்கென்றே உள்ள அகன்ற பாத்திரம். பெரியதில் ஒரு ஆள் உள்ளே உட்காரலாம். மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமையா? தை மாசத்துப் புதன்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து நிக்கறீங்க. இன்னா சார் நீங்க? எந்தக் கம்பெனி?"

சொன்னேன்.

"ஷூ ஆர்டரும் இப்படித்தான் எடுப்பீங்களா?"

தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

"எனக்கு அன்னிக்கு வாணியம்பாடியில பெரிய வீட்டு வலீமா, கல்யாண விருந்து. நான் அசைய முடியாது. உங்க வீடு எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாய் வீட்டுப் பக்கத்து வீடா? அட, அந்தக் கல்யாணமா! அதுக்குத்தான் ஏற்கனவே ஒரு சின்ன டேக்சா புக் ஆயிருக்கே."

"யாரு புக் பண்ணது?"

"பாய் வீட்டம்மாதான். எட்டு பேருக்கு. கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்து வீட்டுல சாப்பிட. மூணு மணிக்கெல்லாம் சூடா இருக்கணும், பசங்க பசியோட வருவாங்கன்னு..."

அத்தோடு நிறுத்திக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். பல் குத்திய குச்சியைத் தூர எறிந்தார்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க சார்."

சொல்ல மாட்டேன் என்றேன். கவிழ்த்திருந்த ஒரு டேக்சாவின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. ஆப்பா கோபித்துக்கொண்டு ஏற்பாடு செய்ததில்லை இது. எங்களுக்கு ஒரு குறையும் தெரியக் கூடாது என்று செய்தது. எட்டுப் பேரும் கல்யாணத்துக்கு வருவார்கள். மேடையேறி வாழ்த்துவார்கள். பசியோடு வீட்டுக்குப் போவார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. சாம்பிள் வேண்டும் என்று கேட்காமல் இருந்திருந்தால் கடைசிவரை தெரிந்திருக்காது.

மாஸ்டர் என்ன நினைத்தாரோ, எழுந்து வந்தார். "என் மச்சானை அனுப்பறேன். நானூறு பேருக்குத் தனியா இறக்கியிருக்கான். கை என்னோட கைதான். ஆனா கறிக்கு நான் ஜவாப்தாரி இல்ல. எனக்கே வாணியம்பாடிக்கு எடுக்கணும். கடையில இன்னிக்கோ நாளைக்குக் காலையிலயோ சொல்லி வைங்க, இல்லன்னா நல்ல ஆடெல்லாம் போய்டும். ஆட்டைப் பாத்துச் சொல்லணும், சும்மா போன்ல சொல்லாதீங்க. பாக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிட்டுப் போங்க" என்றார். மறுபடி ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்தும் உட்காரவில்லை. வேலூர்ப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். வெளிச் சமையல் கூடாது என்று அவர்கள் நிபந்தனையிலேயே இருந்தது. நடந்துகொண்டே நாளைக்குப் போட வேண்டிய சட்டையை எடுத்து இஸ்திரி போட்டேன். மடித்தேன். மறுபடி பிரித்துப் போட்டேன்.

"அந்தச் சட்டை இன்னும் எவ்வளவு சூடுதான் தாங்கும்?" என்றாள் மனைவி. அன்றிலிருந்து அவளுக்கு லீவு. "போனை எடுத்துப் பேசுங்க. அந்தப் பொண்ணு உங்களைக் கடிச்சிடாது."

பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன், சின்ன டேக்சாவைத் தவிர.

"சார், அன்னிக்கு நான் கேட்டேனே. சாப்பாட்டுல யாருக்காவது தனியா கவனிக்கணுமான்னு."

"கேட்டீங்கம்மா. நான் சுகர்னு சொன்னேன்."

"ஒரு நிமிஷம் இருங்க" என்று வைத்துவிட்டார். அந்த ஒரு நிமிஷம் நெடுநேரம் ஓடியது. நான் கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தேன், வாசல் பல்பை மாற்றினேன். பிறகு அவரே கூப்பிட்டார்.

"கிச்சன்ல கேட்டேன் சார். கறிக்கு ஹலால் சர்டிபிகேட் இருக்குன்னு சொல்றாங்க. ஆனா நான் அந்தப் பேப்பரை இன்னும் கண்ணால பாக்கல. பாக்காம உங்களுக்கு வாக்குக் குடுக்க மாட்டேன். பாத்தே குடுத்தாலும், உங்க பக்கத்து வீட்டு அம்மாகிட்ட நீங்க பேப்பரைக் காட்டப் போறீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப பிரியாணி உங்க மாஸ்டர் பண்ணட்டும். சைவம், ஸ்வீட், பரிமாறுறது, சுத்தம் பண்றது எங்களோடது. எங்க ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன். ரெண்டு கண்டிஷன். அடுப்பு எங்க வண்டி வர்ற வழியில இருக்கக் கூடாது. அப்புறம் புதன்கிழமை நீங்க அடுப்புப் பக்கம் வரவே கூடாது. மேடம் ஏற்கனவே சொல்லிட்டாங்க."

மனைவி காதில் விழாதவள் போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

மேடையை டேப் வைத்து அளந்ததற்காக அந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். டேப் எல்லாரிடமும் இருக்கிறது. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாத ஆள் என் மேஜையிலேயே எனக்கு எளிதில் கிடைப்பதில்லை.

அத்தனையும் முடிந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. மாஸ்டர் மாறினார், சரி. அது ஆப்பாவுக்கு எப்படித் தெரியும்? போய்ச் சொன்னால், உங்களுக்காகத்தான் மாற்றினோம் என்று சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால், சின்ன டேக்சா மூன்று மணிக்குச் சூடாகக் காத்திருக்கும். மகளிடம் இதைச் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டிவி ஓடியது. சிரித்தார்கள். பிறகு விளக்கு அணைந்தது.

ஜனவரி 20, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை, பாலுக்குப் போகவில்லை. கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். லுங்கியும் மப்ளருமாகப் பாய் வந்து திறந்தார்.

"வாங்க சார். மோட்டார் சத்தமே கேக்கல, இன்னாடா இது, சார் ஊருக்குப் போய்ட்டாரான்னு பாத்தேன்."

"கறிக்கடைக்குக் கொஞ்சம் கூட வர்றீங்களா பாய்? புதன்கிழமைக்கு ஆடு சொல்லணும். எனக்குத் தோல் பாக்கத்தான் தெரியும், கறி பாக்கத் தெரியாது."

பாய் என்னைப் பார்த்தார். "வேலூர் கம்பெனி?"

"அவங்க பரிமாறுவாங்க. பிரியாணி மார்க்கெட் மாஸ்டரோட மச்சான். கறிக்கு மாஸ்டர் ஜவாப்தாரி இல்லையாம். யாராவது நின்னு எடுக்கணும்னு சொல்லிட்டாரு."

அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. "கடைக்காரன் உங்களை ஏமாத்திடுவான் சார்" என்றார் பாய். "இருங்க, சட்டை போட்டுட்டு வர்றேன்."

"டீ போடறேன், ரெண்டு பேரும் குடிச்சிட்டுப் போங்க" என்று உள்ளேயிருந்து ஆப்பாவின் குரல் வந்தது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுப்பு பற்றுகிற சத்தம். பிறகு அவர் தணிந்த குரலில் போனில் பேசினார், உருதுவில். இத்தனை வருடம் ஒரே சுவரில் குடியிருந்தால் அந்த மொழியில் பேச வராவிட்டாலும் காது பழகிவிடும்.

"மாஸ்டர்? ஹாவ், மைச்... வோ சோட்டா டேக்சா நக்கோ." ஆமாம், நான்தான், அந்தச் சின்ன டேக்சா வேண்டாம்.

மாஸ்டர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். ஆப்பா போனை வைத்துவிட்டார். டம்ளரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். டீயில் சர்க்கரை ஜாஸ்தி. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.